கண் கண்ட சாட்சியும் கருவி கண்ட சாட்சியும்

வரலாறு என்பது நெடுங்காலமாக எழுதி வைத்தவர்களின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. எழுத்து எவர் கையில் இருந்ததோ அவர் சொல்லே ஆவணமாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் சொல் காற்றோடு போயிற்று. நமது வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு செய்தபோது, கற்காலக் கருவிகளும் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. எழுத்தில் இடம்பெறாத மாந்தரின் வாழ்வையும் மண் மறவாது காத்து வைத்திருந்தது. மண்ணுக்குப் பாரபட்சம் கிடையாது. காவல் நிலையத்தின் பதிவேடும் நீதிமன்றத்தின் கட்டும் அத்தகையன அல்ல. அவற்றில் யார் எழுதினார், எதை எழுதினார், எதை விடுத்தார் என்பதைப் பொறுத்தே எளியவனின் விதி அமைந்தது.

இன்று அப்பதிவேட்டின் அருகில் ஒரு புதிய சாட்சி வந்து நிற்கிறது. சுவரில் பொருத்திய சி.சி.டி.வி. காமிரா, காவலர் மார்பில் அணியும் உடற்காமிரா, நம் இளைஞர் சட்டைப் பையிலுள்ள செல்போன் ஆகிய மூன்றுமே அந்தச் சாட்சியின் கண்கள். இச்சாட்சி எவ்வாறு பிறந்தது, எவருக்கு உதவிற்று, எப்போது கைவிட்டது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணத்தால் இவ்வெள்ளி விழா மலரில் இக்கட்டுரை வரையப்படுகிறது.

கிட்டியும் அண்ணாந்தாளும்

காவலில் நடக்கும் கொடுமை பற்றிய அரசு விசாரணை நம் மாநிலத்தில் புதிதன்று. 1854இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாகச் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர்கள். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் மக்கள் வதைக்கப்படுவதுண்டா என்பதே விசாரணை. மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாகச் சென்னைக்கு வந்து முறையிட்டனர். கைவிரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் ‘கிட்டி’யும், உடலை வளைத்துக் குனிந்த நிலையிலேயே கட்டி வைக்கும் ‘அண்ணாந்தாளு’ம் அவ்வறிக்கையில் பெயரோடு பதிவாயின. வதை நடப்பது உண்மையே என்று 1855ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது.

அதன் பின்னரே வருவாய்த் துறையினின்றும் காவல் துறை பிரிக்கப்பட்டு, 1859இல் சென்னைக் காவல் சட்டம் பிறந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 25, 26ஆம் பிரிவுகளில், காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்றும், காவலில் இருக்கும்போது அளித்த வாக்குமூலம் மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றிச் செல்லாது என்றும் விதித்தது. இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதே விதியைத் தாங்கி நிற்கிறது.

இதன் பொருளைச் சற்றே சிந்தித்தல் நலம். பூட்டிய அறைக்குள் நடப்பதை மற்றொரு கண் காணாதவரை நம்ப இயலாது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த மற்றொரு கண் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு காலம் விடை கிடைக்கவில்லை.

நம்பப்படாத வாய்ச்சொல்

செங்கற்பட்டு மாவட்டத்து ஆதிதிராவிடரின் நிலையைக் கலெக்டர் டிரமென்கீர் 1891இல் எழுதி அரசுக்கு அனுப்பினார். அவ்வெழுத்தின் பயனாக 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நம் முன்னோர் பட்ட துயரம் அதற்கு முன்னும் இருந்தது. ஆனால் அது தாளில் ஏறிய பிறகே அரசின் செவியில் ஏறிற்று. இம்மாவட்டத்துக் கோழியாளம் ஈன்ற இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியதும், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்ததும் இவ்வுண்மையை உணர்ந்த செயல்களே. நம்மவர் சொல்லை நீதிமன்றத்துக்குப் புரியும் வடிவில் கொண்டு சேர்ப்பவர் ஒருவர் வேண்டும் என்பதே அவ்வுண்மை.

சாட்சி இருந்தும் அது நம்பப்படாத வரலாறும் நமக்குண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வெந்த உடல்கள் இருந்தன. உயிர் பிழைத்தோர் சாட்சியமும் இருந்தது. செல்வர் சிலர் தாமே நேரில் வந்து தீ வைத்திருப்பர் என்பதைத்தான் நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. எளியவரின் கண் கண்டது அன்று போதவில்லை.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இராசாக்கண்ணு என்னும் கூலித் தொழிலாளி மாண்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவல் துறை கூறிற்று. பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வழக்கறிஞர் கே. சந்துரு ஆட்கொணர்வு மனுவின் வாயிலாகப் போராடி அப்பொய்யை உடைத்தார். அதற்கு ஒரு மனைவியின் மனவுறுதியும், பல ஆண்டுகளின் உழைப்பும் தேவைப்பட்டன.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைதுக்கான நெறிமுறைகளை வகுத்தது. கைது செய்வோர் பெயர்ப்பட்டை அணிதல், கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பம் பெறுதல், உறவினருக்குத் தெரிவித்தல், 48 மணி நேரத்துக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை ஆகியன அவற்றுட் சில. அவை போற்றத்தக்க விதிகளே. ஆயினும் அவற்றை நிறைவேற்றியதாக எழுதும் பேனா மீண்டும் காவல் நிலையத்தின் பேனாவாகவே இருந்தது.

கடல் கடந்த பாடம்

1991 மார்ச்சில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் அடித்ததை, எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் தம் வீடியோ காமிராவில் பிடித்தார். உலகமே கண்டது. இனி நீதிக்குத் தடையில்லை என்று பலரும் எண்ணினர். ஆனால் 1992 ஏப்ரலில் நடுவர் குழு அக்காவலர்களைத் தண்டிக்க மறுத்தது. காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் அப்பதிவை மறைக்கவில்லை. மாறாக, அதை அங்குலம் அங்குலமாக நிறுத்தி, ஒவ்வோர் அசைவுக்கும் தம் விளக்கத்தைச் சொல்லிக் காட்டினர். காட்சி தானே பேசாது, அதைப் பேச வைப்பவனே வழக்கை நடத்துகிறான் என்பது அன்று தெளிவாயிற்று. மறு ஆண்டு மத்திய அரசு தொடுத்த வேறு வழக்கில்தான் அவர்களுள் இருவர் தண்டிக்கப்பட்டனர்.

காவலர் உடலிலேயே காமிராவை அணிவிக்கும் சோதனை 2005, 2006ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிளிமத் பகுதியில் நடந்தது. 2012இல் கலிபோர்னியாவின் ரியால்டோ என்னும் சிற்றூரில் ஓராண்டு ஆய்வு நடத்தியபோது, காவலர்மீதான புகார்கள் பெரிதும் குறைந்தன. ஆனால் 2017இல் வெளியான வாஷிங்டன் நகர ஆய்வோ, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட காவலரை ஆராய்ந்து, காமிராவால் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்று கண்டது. காமிராவை அணிவது மட்டும் மருந்தாகாது. அதன் பதிவை யார் காண்கிறார் என்பதே பொருட்டு.

2014 அக்டோபரில் சிகாகோ நகரில் 17 வயது இளைஞன் லக்வான் மெக்டொனால்டு சுட்டுக் கொல்லப்பட்டான். கத்தியுடன் தம்மை நோக்கி வந்தான் என்று காவலர் எழுதினர். காவல் வண்டியின் காமிராவிலோ அவன் விலகி நடப்பது பதிவாகியிருந்தது. அப்பதிவு நீதிமன்ற உத்தரவின்பேரில் வெளிவர 13 மாதங்கள் ஆயின. சுட்டவர் 2018இல் தண்டிக்கப்பட்டார். 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு மாண்டபோது, உடல்நலக் கோளாறு என்பதே காவல் துறையின் முதல் அறிக்கை. அதைப் பொய்யாக்கியது, அருகில் நின்ற 17 வயதுச் சிறுமியின் செல்போன்.

சாத்தான்குளம் கற்பித்தது

அதே 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகச் செல்போன் கடை நடத்திய வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையம் கொண்டு செல்லப்பட்டனர். 22ஆம் நாள் இரவில் மகனும், 23ஆம் நாள் காலையில் தந்தையும் உயிர் நீத்தனர். அவர்கள் காவலரைத் திட்டித் தரையில் உருண்டதால் காயமுற்றனர் என்று முதல் தகவல் அறிக்கை கூறிற்று.

இவ்விடத்தில் இரு காமிராக்களின் கதையை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று கடைத்தெருவில் இருந்த காமிரா. அதில் உருளலும் இல்லை, சண்டையும் இல்லை. மற்றொன்று காவல் நிலையத்தின் காமிரா. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அதன் ஹார்டு டிஸ்கைச் சோதித்தபோது, ஒரு டெராபைட் அளவு இடம் இருந்தும், அன்றாடப் பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. 19ஆம் நாள் இரவின் பதிவு கிடைக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது, நினைவுதான் அழிக்கப்பட்டது. அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அஞ்சாது கூறிய சாட்சியமும், மதுரைக் கிளை நீதிபதிகளின் விரைவும் இல்லையேல் அவ்வழக்கு நிலைத்திராது. மத்தியப் புலனாய்வுத் துறை 9 காவலர்மீது கொலைக் குற்றம் சாட்டியது.

2025 ஜூன் மாதத்தில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் காவலர் விசாரணையில் மாண்டபோது, கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து தம் செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சி உயர்நீதிமன்றத்தை அடைந்தது. அவ்வழக்கும் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறிற்று.

நம் சமுதாயத்துக்கு நேரே உரிய வழக்கு கோகுல்ராஜினுடையது. பொறியியல் பட்டதாரியான அந்த இளைஞர் 2015 ஜூன் 23ஆம் நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் அவர் உடல் இருப்புப் பாதையில் கிடந்தது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். கோயில் காமிரா பிறழவில்லை. பதிவின் உண்மைத்தன்மை பற்றிய எதிர்த்தரப்பு வினாக்கள் அனைத்தும் ஆராயப்பட்டன. உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கே நேரில் சென்று காமிராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு விதித்த தண்டனையை ஒட்டி, முதல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூன் 2ஆம் நாள் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்கறிஞர் ப.பா. மோகன் போன்றோர் பொறுமையுடன் அப்பதிவை நீதிமன்றத்தில் பேச வைத்தமையால் கிடைத்த நீதி அது.

சட்டம் தரும் படைக்கலங்கள்

2020 டிசம்பர் 2ஆம் நாள் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில்கள், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை முதலிய இடங்களில் ஒலியும் ஒளியும் பதியும் காமிராக்கள் வேண்டும் என்றும், பதிவுகள் 18 மாதங்களும், வசதியில்லாவிடில் குறைந்தது ஓராண்டும் காக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. காவலில் காயமோ மரணமோ நேர்ந்தால் மாநில மனித உரிமை ஆணையத்திடமும் மனித உரிமை நீதிமன்றத்திடமும் முறையிடலாம். அவை அப்பதிவை உடனே வரவழைக்கலாம். ஆணை பிறந்து ஐந்தாண்டு நெருங்கியபோதும் பல நிலையங்களில் காமிராக்கள் இயங்கவில்லை என்ற செய்தி கண்டு, 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. ஆணை இருப்பது வேறு, அது நடப்பது வேறு என்பதை இதனால் அறியலாம்.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் உரிமையுண்டு. 2019 நவம்பரில் கேரள வழக்கொன்றில், மெமரி கார்டில் உள்ள பதிவும் ஆவணமே என்றும், அதன் நகலைப் பெறக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக உரிமையுண்டு என்றும், பாதிக்கப்பட்ட பெண்ணின் மானம் தொடர்புடையதாயின் பார்வையிட மட்டுமே அனுமதிக்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2015இல், வாராணசி விடுதியொன்றில் தோழரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட இரு இத்தாலியரை அதே நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதியில் காமிரா இருந்தும் அப்பதிவைக் காவல் துறை காட்டாமற்போனது அத்தீர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம். காட்டாமல் வைத்த பதிவு, வைத்தவருக்கு எதிராகவே பேசும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டுமென்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, 2016 ஜனவரி 26 முதல், அச்சட்டத்தின்கீழ் எழும் குற்ற நடவடிக்கைகள் யாவும் வீடியோவில் பதியப்பட வேண்டுமென்கிறது. பதிவைச் சாட்சியமாக்கச் சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பதிவின் கைரேகை போன்ற ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இடம்பெறும். ஓர் எழுத்தளவு மாற்றம் செய்தாலும் அவ்வெண் மாறிவிடும்.

பதிவைப் படிக்கும் கல்வி

மேல்நாடுகளில் குற்ற வழக்கறிஞர்களின் அலுவலகங்களில் காவலர் காமிராப் பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பதே ஒரு தனிப்பணியாகிவிட்டது. ஒரே கைதில் ஐந்து காவலர் இருந்தால் ஐந்து பதிவுகள் வரும். அவற்றைப் பார்க்கும் முறையை ஒரு பாடம்போல் இங்குத் தருகிறேன்.

முதலாவது, தொடக்கமுதல் இறுதிவரை முழுவதையும் பார்த்தல் வேண்டும். பிறர் வெட்டித் தரும் துண்டை நம்பலாகாது. இரண்டாவது, காமிராவின் கடிகாரத்தைச் சோதித்தல் வேண்டும். அது முந்தியோ பிந்தியோ ஓடலாம். அறிக்கையில் எழுதிய நேரத்தையும், மருத்துவமனைச் சீட்டின் நேரத்தையும் அதனோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது, நிமிடம் நொடி குறித்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும், கருதியதை எழுதலாகாது. ‘கையை உயர்த்தினார்’ என்பது கண்டது. ‘அடிக்க ஓங்கினார்’ என்பது கருதியது. நான்காவது, கேட்கும் சொற்களைப் பேச்சு வழக்கிலேயே பெயர்த்தெழுத வேண்டும். ஐந்தாவது, காணாததைத் தேட வேண்டும். உடற்காமிரா எதிரில் நிற்பவனைக் காட்டும்; அணிந்தவர் கை செய்வதைப் பெரும்பாலும் காட்டாது. பதிவு எங்கே நின்றது, எந்தக் காவலரின் காமிரா மட்டும் அணைந்திருந்தது, ஒலி எப்போது தொடங்கிற்று என்பவை வினாக்கள். சிலவகைக் காமிராக்கள் பொத்தானை அமுக்குவதற்கு முந்தைய சில நொடிகளை ஒலியின்றிச் சேமித்து வைக்கும். அம்மௌனத்தை மறைப்பு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாகாது. ஆறாவது, நமக்குப் பாதகமான காட்சியையும் மறைக்காமல் நம் வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும். அறியாத வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தடுமாறுவார்.

கூர்ந்து படித்தல், பிழையற எழுதுதல், கண்டதையும் கருதியதையும் பிரித்தறிதல் ஆகிய இவையனைத்தும் பள்ளியில் நாம் கற்பிக்கும் பாடங்களே. இவற்றுக்கு மந்திரம் ஏதும் வேண்டா. பொறுமையும் பயிற்சியும் போதும்.

நம் கடமை

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலை வாயில்தோறும், விடுதிதோறும், கடைதோறும் காமிராக்கள் உள்ளன. நம் பிள்ளைகள் இரவு ஷிப்டு முடிந்து அக்கண்களின் முன்பாகவே நடந்து வருகின்றனர். நாட்டின் சிறைப் புள்ளிவிவரங்களில் விசாரணைக் கைதிகளிடையே பட்டியல் சாதியினர் பங்கு, மக்கள்தொகையில் அவர் பங்கினும் மிகுந்தே காணப்படுகிறது. ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தியன்று. ஓர் இளைஞன்மீது பொய் வழக்கு வருமானால், அந்நேரத்தில் அவன் வேறிடத்தில் இருந்தான் என்பதற்கு ஒரு தேநீர்க் கடையின் காமிராவே சாட்சியாகலாம். ஆனால் தனியார் காமிராக்கள் பலவற்றில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும். பதினைந்து நாள் அழுது புலம்பிவிட்டுப் பதினாறாம் நாள் சென்று கேட்டால் பதிவு இராது.

எனவே, கைது நேர்ந்த அன்றே செய்யத்தக்கவற்றை ஒவ்வொரு வீட்டிலும் அறிந்து வைத்தல் வேண்டும். எந்தெந்த இடத்தில் காமிரா உண்டு என்று குறித்துக்கொள்ளுதல். பதிவை அழிக்காது காக்கும்படி உரியவருக்கும் காவல் உயர் அதிகாரிக்கும் எழுத்து மூலம் வேண்டி, ஒப்புகை பெறுதல். வழக்கறிஞர் வாயிலாக நீதிமன்றத்தில் பதிவை வரவழைக்க மனுச் செய்தல். செல்போனில் எடுத்த காட்சியை வெட்டாமல், மூலக் கருவியிலேயே பத்திரப்படுத்துதல். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்ற கவலை வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உரிமையாகும். 15100 என்னும் எண்ணுக்குப் பேசினாலே வழி கிடைக்கும்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றி வந்துள்ளது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு மாணவரையேனும் சட்டக் கல்லூரிக்கு அனுப்புவோம். சங்கப் படிப்பறையில் ஒரு கணிப்பொறியை ஒதுக்கி, பதிவைப் பார்த்து நொடிக்கணக்கில் குறிப்பெடுக்க நான்கு இளைஞரைப் பழக்குவோம். அண்ணல் அம்பேத்கர் கையில் சட்டப் புத்தகம் இருந்தமையால்தான் நம் கையில் உரிமை வந்தது.

கருவிக்குச் சாதி தெரியாது என்பது மெய். ஆனால் கருவியை வைத்திருப்பவருக்கும், அதை அணைப்பவருக்கும், அழிப்பவருக்கும் அது தெரியக்கூடும். அன்று வாய்ச்சொல் நம்பப்படாததால் தோற்றோம். இனி, கேட்டுப் பெறாததாலும் பார்த்துப் படிக்காததாலும் தோற்றோம் என்ற பழி நம் தலைமுறைக்கு வேண்டா. இளைஞர்களே, காலத்தோடு கேளுங்கள், முழுவதும் பாருங்கள், கண்டதை எழுதுங்கள்.